கோடையும் வாயில்லா ஜீவன்களும்

 

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

நாயகம் (ஸல்) அவர்களை அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பியதாகத் திருமறை சிறப்பித்துச் சொல்கிறது. அகிலத்தார் என்றால் மனிதர் மட்டும்தானா? பூமியில் ஊரும் உயிர்களும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அதே திருமறை ‘அல்அன்ஆம்’ அத்தியாயத்தில் அறிவிக்கிறது. அப்படியானால் பெருமானாரின் அருளில் ஆட்டுக்கும் மாட்டுக்கும், பூனைக்கும் புறாவுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை அவற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் யார்? அவற்றை வளர்க்கும் நாம்தான்.

இதைச் சொல்ல இது தக்க காலம். பங்குனி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கி, சித்திரையில் உச்சத்துக்குப் போகிறது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் சேலம், ஈரோடு, கரூர் பக்கங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள் பல. வசதி உள்ளவர்கள் வெயிலுக்குத் தப்பிச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூரில் அருவியாக விழுகிறது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து இரைந்து விழும் அந்த அருவி, கோடை முற்றினால் மெலிந்து வெறும் பாறையாக நிற்கும். அருவியே வற்றும் காலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடக்கும் ஆட்டின் தொட்டி என்ன நிலையில் இருக்கும்? ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்!

நமக்கு மின்விசிறி இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் மலை இருக்கிறது. தாகமாக இருக்கிறது என்று சொல்ல வாயும், எழுந்து போய்க் குடிக்கக் காலும் இருக்கின்றன. ஆட்டுக்கும் கால் உண்டு. ஆனால் அதன் கழுத்தில் நாம் கட்டிய கயிறும் உண்டு. இந்தக் கட்டுரையின் செய்தி அந்தக் கயிற்றைப் பற்றியதுதான்.

மத்யன் கிணற்றடியில்

நபி மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிர் தப்பி, நெடுந்தூரம் பாலை வழியே நடந்து மத்யன் நகரின் நீர்த்துறைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ‘அல்கஸஸ்’ அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஊர் புதிது, உறவினர் யாரும் இல்லை, நடந்து களைத்த உடம்பு. அங்கே இடையர்கள் தங்கள் மந்தைகளுக்குத் தண்ணீர் காட்டிக் கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்மணிகள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் ஒதுக்கித் தடுத்துக் கொண்டு நின்றார்கள். காரணம் கேட்டார்கள் மூஸா (அலை). இடையர்கள் போன பிறகே தங்களால் தண்ணீர் காட்ட முடியும் என்றும், தங்கள் தந்தை முதியவர் என்றும் அவர்கள் கூறினார்கள்.

மூஸா (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் அந்த ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் நிழலின் பக்கம் ஒதுங்கினார்கள். தம் தேவையை அல்லாஹ்விடம் முறையிட்டதும் அதன் பிறகுதான். இந்த வரிசையைக் கவனியுங்கள். ஆடுகளின் தாகம் முதலில். தம்முடைய நிழல் பிறகு. அந்த ஆடுகள் அவர்களுடையவை கூட அல்ல! நம் ஆடு தொட்டியை நக்கிக் கொண்டு நிற்கும்போது, பகல் சாப்பாடு முடித்து மின்விசிறியின் கீழ் பாய் விரித்துப் படுக்கும் நமக்கு இந்தச் சரித்திரத்தில் பாடம் இல்லையா?

நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்துக்கு அல்லாஹ் ஓர் ஒட்டகத்தை அத்தாட்சியாக அனுப்பினான். அந்த ஒட்டகம் தண்ணீர் குடிக்க ஒரு நாள், அவர்களுக்கு ஒரு நாள் என்று முறை வகுத்தான். நீரில் ஒரு பிராணிக்குரிய பங்கை அல்லாஹ்வே நிர்ணயித்தான். அந்தப் பங்கைப் பொறுக்காமல் ஒட்டகத்தின் கால் நரம்பைத் தறித்த ஸமூது கூட்டத்தாரின் முடிவு நாம் அறிந்ததே.

தர்மம் வேறு, கடமை வேறு

இரண்டு ஹதீஸ்களை நாம் அடிக்கடி பயான்களில் கேட்கிறோம். இரண்டும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளவை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிக் கொண்டிருந்த ஒரு நாயைக் கண்ட மனிதர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி மேலேறி வந்து புகட்டினார். அல்லாஹ் அவர் செயலை ஏற்று அவருடைய பாவங்களை மன்னித்தான். கால்நடைகளுக்குச் செய்வதிலும் நமக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாப் பெருமக்கள் வியந்து கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் படைத்த ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள்.

மற்றொன்று, பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் செய்தி. அவள் அதற்கு உணவும் நீரும் தரவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களையாவது தின்னட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. பூனை செத்தது. அதன் பொருட்டு அவள் நரகம் புகுந்தாள்.

சகோதரர்களே! இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் மனிதர் அந்த நாயை வளர்த்தவர் அல்லர். அது வழியில் கண்ட நாய். அவர் செய்தது தர்மம். அதற்குக் கிடைத்தது மன்னிப்பு. இரண்டாவது பெண்ணோ பூனையைக் கட்டினாள். கட்டிய அந்த நிமிடமே அதன் உணவும் நீரும் அவள் தலைமேல் கடமையாகிவிட்டன. அவிழ்த்து விட்டிருந்தாலும் தப்பியிருப்பாள் என்பதை அந்த ஹதீஸின் கடைசிப் பகுதியே உணர்த்தி விடுகிறது.

ஆக, தெருவில் திரியும் பிராணிக்குத் தண்ணீர் வைப்பது ஸதகா, வைத்தால் நன்மை. நாம் கட்டிய பிராணிக்கு, கூண்டில் அடைத்த பறவைக்குத் தண்ணீர் வைப்பது கடமை, வைக்காவிட்டால் பாவம். நம்மில் பலர் இரண்டாவதையும் முதலாவதைப் போல நினைத்து, ‘பாவம், கொஞ்சம் தண்ணீர் வைப்போம்’ என்று ஏதோ உபகாரம் செய்வதைப் போலச் செய்கிறோம். அது உபகாரம் அன்று. நாம் பட்ட கடன்.

சட்ட நூல்கள் கூறுவது

இது வெறும் உபதேசம் என்று யாரும் கருதிவிட வேண்டாம். நமது மார்க்கச் சட்ட நூல்களில் மனைவி மக்களின் ஜீவனாம்சத்தைப் பேசும் பாடத்திலேயே வளர்ப்புப் பிராணிகளின் ஜீவனாம்சமும் பேசப்படுகிறது. பிராணிக்குத் தீனியும் நீரும் தர மறுப்பவனை, ஒன்று தீனி கொடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்க பிராணியானால் அறுத்துவிடு என்று காஜி கட்டாயப்படுத்த வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பட்டுப்புழு வளர்ப்பவன் அதற்கு முசுக்கொட்டை இலை கொடுக்க வேண்டும், தேன் எடுப்பவன் தேனீக்களுக்குத் தேவையான அளவைக் கூட்டில் விட்டுவைக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, கிழடாகியோ நோயுற்றோ இனிப் பயன் தராது என்றாகிவிட்ட பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறார்கள்.

இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். பிரயாணத்தில் கையில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். அதில் ஒளூச் செய்தால் உடன் வரும் பிராணிக்குக் குடிக்க நீர் இராது. அப்போது என்ன செய்வது? தண்ணீரைப் பிராணியின் தாகத்துக்கு வைத்துக்கொண்டு, தயம்மும் செய்து தொழ வேண்டும் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் சொல்கின்றன. அல்லாஹ்வின் சந்நிதானத்தில் நிற்பதற்கான ஒளூவின் தண்ணீரே ஒரு வாயில்லா ஜீவனின் தாகத்துக்கு வழிவிடுகிறது! குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டும் வீட்டில், ஒரு செம்புத் தண்ணீர் தொட்டியில் ஊற்ற நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

நம் நாட்டுச் சட்டமும் இதையே பேசுகிறது. பிராணிகளுக்குப் போதிய உணவு, நீர், ஒதுங்கிடம் தராமல் வைத்திருப்பதும், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப் போடுவதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஐவேளைத் தொழுகையும் தண்ணீர்த் தொட்டியும்

முஸ்லிம்களாகிய நாம் நிழலைப் பார்த்து வாழக் கற்ற சமுதாயம். லுஹரும் அஸரும் நிழலை அளந்துதான் வருகின்றன. காலையில் மேற்கே நீண்டு கிடந்த நிழல் உச்சியில் சுருங்கி, பிறகு கிழக்கே நீளுவதை நம் முன்னோர் குச்சி நட்டுப் பார்த்தார்கள். அத்தகைய நாம், ஃபஜ்ருக்குப் பிறகு மரநிழலில் கட்டிய ஆடு லுஹர் வேளையில் வெயிலில் நிற்பதைக் கவனிக்காமல் இருக்கலாமா? நிழல் நகர்ந்துவிட்டது, கயிறு நகரவில்லை. கோடையில் பிராணிகள் துன்புறுவது பெரும்பாலும் கொடுமைக்காரரின் வீட்டில் அன்று. காலையில் நிழலில்தானே கட்டினோம் என்று நிம்மதியாக இருப்பவரின் வீட்டில்தான்.

வெயில் கடுமையானால் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த பின் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒரு பிரயாணத்தில் பாங்கு சொல்ல எழுந்தவரைப் பொறுக்கச் சொல்லி, மணல்மேடுகளின் நிழல் தெரியும் வரை தாமதப்படுத்தியதாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். தொழுகையிலேயே வெயிலுக்காகச் சலுகை தந்த மார்க்கம் இது. உச்சி வெயிலில் மாட்டை ஏரில் பூட்டுவதையும், பாரமேற்றி வண்டி இழுக்க வைப்பதையும் இந்த மார்க்கம் எப்படிப் பொறுக்கும்? ஓர் இடத்தில் இறங்கினால், ஒட்டகங்களின் மீதுள்ள பாரத்தை அவிழ்க்காமல் தாங்கள் நபில் தொழமாட்டோம் என்று அனஸ் (ரலி) கூறுவதை அபூதாவூதில் காண்கிறோம்.

எனவே கோடை முடியும் வரை ஒரு பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்குப் பின் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தீனியையும் அந்தக் குளிர்ந்த வேளையிலேயே போடுங்கள். லுஹருக்கு ஒளூச் செய்யப் போகும்போது பிராணியை நிழல் மாற்றிக் கட்டி, சூடேறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அஸருக்கு முன் மேற்கு வெயில் அதன் மீது படுகிறதா என்று பாருங்கள். மஃக்ரிபுக்குப் பின் மாலைத் தீனி போடுங்கள். இஷாவுக்குப் பின் ஒருமுறை தொட்டியைப் பார்த்துவிட்டுப் படுங்கள். வெக்கையான இரவில் அவற்றுக்கும் தாகம் எடுக்கும். மறந்துபோவதற்கு இடமே இராது, பாங்கோசை நினைவூட்டிவிடும்.

எந்தப் பிராணிக்கு என்ன?

ஆடு, மாடுகள்: கறவை மாடு ஒன்று கடுங்கோடையில் நாளொன்றுக்கு அறுபது முதல் நூறு லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். இரண்டு வாளி வைத்துவிட்டுப் பால் குறைந்துவிட்டதே என்று குறைப்படுவது நியாயம் அன்று. எருமைக்குக் கறுத்த தோல். வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. குட்டையில் புரள வழியில்லாவிட்டால் பகலில் இரண்டு முறையாவது அதன் மீது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கோழிகள்: கோழிக்கு வியர்வையே கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்தும், சிறகுகளை உடம்பை விட்டு அகற்றியும்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி நிற்கக் கண்டால் அது உதவி கேட்கிறது என்று பொருள். தகரமோ கல்நார் ஓடோ வேய்ந்த கூட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பக்கங்களைக் காற்று வரும்படி விடுங்கள். காற்றில்லாத கூட்டில் ஈரம் மட்டும் சேர்ந்தால் புழுக்கம் அதிகமாகும்.

முயல்: குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கும் முயல் 30 டிகிரிக்கு மேல் தாங்காத பிராணி. காதுகள் வழியாகவே அதன் சூடு வெளியேறுகிறது. வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஒரு பாட்டிலில் நீரை உறைய வைத்துத் துணி சுற்றிக் கூட்டில் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

பறவைகள்: அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். இதைக் கொண்டு, உணவும் நீரும் தவறாமல் கொடுத்துப் பறவை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். புறாவும் லவ் பேர்ட்ஸும் வைத்திருப்போர், கூண்டை மேற்குப் பார்த்த ஜன்னலில் தொங்கவிடாதீர்கள். குடிக்கும் நீரோடு குளிக்க ஓர் அகன்ற தட்டும் வையுங்கள். ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயரிலேயே கிளியை வைத்திருக்கும் கிளியூருக்குப் போய்வந்த நினைவாகக் கிளிக்குஞ்சு ஒன்றை யாரிடமும் வாங்கி வரவேண்டாம். ஒரு பறவையின் இரு குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்து வந்தபோது, தாய்ப்பறவையின் தவிப்பைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்.

பூனை: அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா அம்மையார் ஒளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அதைக் குடிக்க விட்டார்கள். அம்மையார் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானது அல்ல, நம்மைச் சுற்றித் திரிவனவற்றில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். அடுப்பங்கரையில் ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் போதும், பூனை தன்னைப் பார்த்துக்கொள்ளும். வெளியூர் போகும்போது அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

நாய் விஷயத்தில் ஒரு தெளிவு

தேவையின்றி நாய் வளர்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. மந்தைக் காவலுக்கும், விவசாயக் காவலுக்கும், வேட்டைக்கும் அனுமதித்தார்கள். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களிலும், நம்மவர்களின் தோப்புகளிலும் காவல் நாய்கள் இருக்கின்றன. நாய் நஜீஸ் என்பதால் அதைக் கவனிக்க வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது அறியாமை. எச்சிலின் சட்டம் வேறு. உயிரின் சட்டம் வேறு. பாவமன்னிப்புக்குக் காரணமாக நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் காட்டிய பிராணி எது? நாய்தானே! அதற்கெனத் தனிப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட நேர்ந்தால் அவரவர் மத்ஹபின்படி கழுவிக் கொள்ளுங்கள். கழுவிச் சுத்தமாக்க வழி இருக்கிறது; நம் அலட்சியத்தால் போன உயிரைத் திருப்ப வழியில்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைப்பதே அதற்கு விசிறி. இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு சிவந்து, தள்ளாடி விழுந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி தேடி நேரத்தைப் போக்காதீர்கள். மயங்கிய வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள்; மூச்சுக் குழாயில் போய்விடும். பிறகு தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

மலையேறுவோர் கவனத்துக்கு

ஏற்காட்டில் மே மாதத்துக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் நடப்பது வழக்கம். கண்காட்சிக்காகவும் விடுமுறைக்காகவும் வளர்ப்புப் பிராணிகளைக் காரில் ஏற்றி வருவோர் உண்டு. மலை குளுகுளுவென்று இருக்கிறதே, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏரியைப் பார்த்து வருவோம் என்று பிராணியைக் காருக்குள் விட்டுப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வெளியே 24 டிகிரிதான் இருக்கிறது என்று வையுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 டிகிரி ஆகிவிடும். அரைமணி நேரத்தில் 43 டிகிரியை எட்டும். கண்ணாடி வழியே நுழைந்த வெயில் உள்ளேயே தங்கிவிடுவதால் வெளியே வீசும் மலைக்காற்று உள்ளே இருப்பதற்கு உதவாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. சேலத்து வெயிலுக்குப் பயந்து மலையேறிய குடும்பம், சேலத்தைவிடக் கொடிய வெயிலைக் காருக்குள் உண்டாக்கி, அதில் ஒரு ஜீவனை அடைத்துவிட்டுப் போகிறது! கயிறு இல்லை, ஆனால் பூட்டிய கதவும் கயிறுதான். ஆகவே பிராணியோடு வந்தால் ஒருவர் அதனுடன் வெளியே மரநிழலில் இருங்கள். இயலாதென்றால் வீட்டிலேயே நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

திரும்பும்போதும் எச்சரிக்கை வேண்டும். மலைக்குளிருக்குப் பழகிய பிராணியை உச்சிப் பொழுதில் சமவெளிக்கு இறக்கினால் திடீர் வெப்பம் தாங்காது. அதிகாலையிலோ மாலை சாய்ந்தோ இறங்குங்கள். தார் ரோட்டில் நடத்தும் முன் உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

குர்பானி ஆடுகள்

இது நம் வீடுகளுக்கே உரிய விஷயம். ஹஜ்ஜுப் பெருநாள் 2024-இல் ஜூன் 17-ஆம் தேதியும், 2025-இல் ஜூன் 7-ஆம் தேதியும் வந்தது. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகர்வதால், அடுத்துவரும் ஆண்டுகளில் பெருநாள் நடுக்கோடையிலேயே வரும். பெருநாளுக்குப் பத்து நாள் முன்னே ஆட்டை வாங்கி, இடமில்லாத காரணத்தால் மொட்டை மாடியில் கட்டுகிறோம். காலின் கீழே கொதிக்கும் சிமெண்டுத் தரை. தலைக்கு மேலே நேர் வெயில். பிள்ளைகள் இழுத்து விளையாடுகிறார்கள். பாசத்தால் சோற்றை அள்ளி வைக்கிறோம். அது வயிறு உப்பி வேதனைப்படுகிறது.

அல்லாஹ்வுக்காக என்று நிய்யத்து வைத்த பிராணி அல்லவா அது! அதன் இரத்தமும் இறைச்சியும் அல்லாஹ்வை அடைவதில்லை, நம் தக்வாவே அடைகிறது என்று ஓதியிருக்கிறோம். அந்தத் தக்வா, கத்தியைக் கையில் எடுக்கும்போது மட்டும் தொடங்குவதில்லை. ஆடு நம் வீட்டு வாசலில் இறங்கிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைப் பார்த்து, அதை இருமுறை சாகடிக்க விரும்புகிறீரா என்று கண்டித்தார்கள். பத்து நாள் வெயிலில் வாட்டுவது அதை எத்தனை முறை சாகடிப்பதாகும்?

மாடியில் கட்டியே தீரவேண்டுமானால் கீற்றுப் பந்தல் போடுங்கள்; தரையில் வைக்கோலோ நனைத்த சாக்கோ விரியுங்கள்; தழையும் தண்ணீரும் குறையாமல் வையுங்கள். அதுவும் முடியாதவர்கள் பெருநாளுக்கு முந்தின நாள் வாங்கிக் கொள்ளலாம். பெரிய ஆடு வாங்கினோம் என்ற பெருமைக்காகப் பத்து நாள் முன்பே வாங்கி வாசலில் நிறுத்துவதில் நன்மை ஏதும் இல்லை. ஆடுகளை லாரியில் ஏற்றிவரும் வியாபாரச் சகோதரர்களும் நெருக்கி அடைக்காமல், இரவு வேளையில் ஏற்றி, இடையில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஒட்டிய வயிற்றோடு நின்ற ஓர் ஒட்டகத்தைக் கண்டு, பேச இயலாத இந்தக் கால்நடைகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது வியாபாரிக்கும் சேர்த்துத்தான்.

கட்டாத ஜீவன்கள்

கடமையை முடித்தவர் தர்மத்துக்கும் வரலாம். ஸுராகா (ரலி) அவர்கள், தம் ஒட்டகங்களுக்காகத் தாம் கட்டிய தொட்டிக்கு வழிதவறிய ஒட்டகம் வந்து குடித்தால் தமக்குக் கூலி உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் வண்டி மாடுகளுக்காகக் கல்தொட்டிகள் இருந்தன. இன்று வாசலில் ஒரு மண்சட்டி, மாடிச் சுவர் மேல் பறவைக்கு ஒரு கிண்ணம் வைப்பது யாருக்கும் சிரமம் அன்று. மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொசு பெருகாது. மஹல்லாப் பெரியவர்கள் பள்ளிவாசல் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு தொட்டி அமைத்து, ஒளூச் செய்யும் இடத்துக் குழாயிலிருந்து நிரப்ப ஏற்பாடு செய்யலாம்.

ஆனால் மலைப்பாதைக் குரங்குகளுக்குக் காரை நிறுத்திப் பிஸ்கட்டும் சிப்ஸும் வீசுவதைத் தர்மம் என்று எண்ண வேண்டாம். அவை காட்டில் இரை தேடும் பழக்கத்தை மறந்து ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன. அல்லாஹ் அவற்றுக்குக் காட்டிலேயே உணவை வைத்திருக்கிறான். கோடையில் காய்ந்த காட்டில் நெருப்புத் துண்டை எறியாமலும், பிளாஸ்டிக் பைகளைப் போடாமலும் வருவதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

தாய்மார்களே! வீட்டுப் பிராணிகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பழக்குங்கள். ஆனால் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளை விளையாட்டில் மறக்கும். ஆடு தாகத்தை மறக்காது. கேள்வி கேட்கப்படுவது பெரியவர்களாகிய நாம்தான்.

நோன்பு நோற்ற நமக்குத் தாகம் என்றால் என்னவென்று தெரியும். மஃக்ரிப் பாங்கு சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அன்று நம்மைத் தாங்கியது. கட்டிக் கிடக்கும் ஜீவனுக்கு எந்த வேளையில் பாங்கு? நம் காலடி ஓசைதான் அதற்குப் பாங்கு.

நாளை மஹ்ஷர் மைதானத்தில் சூரியன் தலைக்கு அருகே கொண்டுவரப்படும். அன்று நாம் தேடி அலையப்போவதும் இந்த இரண்டைத்தான்: ஒதுங்க நிழல், குடிக்கத் தண்ணீர். யா அல்லாஹ்! எங்கள் கையில் நீ ஒப்படைத்த வாயில்லா ஜீவன்களுக்கு நிழலையும் நீரையும் குறைக்காதவர்களாக எங்களை ஆக்குவாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் அவற்றுக்கு இழைத்த கொடுமைகளை மன்னிப்பாயாக! வேறு நிழலே இல்லாத அந்த நாளில் உன் அர்ஷின் நிழலையும், எங்கள் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கரத்தால் ஹவ்ளுல் கவ்ஸரின் நீரையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.